காற்றால் குளிரும் கேம்பர் வேனுக்கு மாற்றுச் சைலன்சர்: மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வோக்ஸ்வாகன் கேம்பர் வேனை ஆசைப்பட்டு வாங்கி மலைக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சைலன்சரைப் பற்றித்தான். ஐம்பது வயதைத் தொட்ட வண்டியில் முதலில் உளுத்துப்போவது அது. அடியில் குனிந்து பார்த்தால் தகரம் அப்பளம் போலப் பொரிந்திருக்கும். விரலால் அழுத்தினால் உதிரும். கம்பெனியில் வந்த சைலன்சர் நல்ல நிலையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கைப்பேசியில் தேடினாலோ, பளபளக்கும் குழாய்களின் படங்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். ஒவ்வொன்றும் 'இதமான உறுமல்' என்றும் 'கூடுதல் வேகம்' என்றும் ஆசை காட்டும்.

நான் குன்னூரில் இருக்கிறேன். என் வண்டி 1600 சி.சி. எஞ்சின் கொண்டது. வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும், விடுமுறையில் மசினகுடி போகும். இதுவரை மூன்று சைலன்சர்கள் மாற்றிவிட்டேன். முதல் இரண்டையும் சத்தத்துக்கும் அழகுக்கும் மயங்கி வாங்கினேன். மூன்றாவதை மலையை மனத்தில் வைத்து வாங்கினேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: எஞ்சின் எது என்று பாருங்கள்

இந்த வேனுக்குக் கம்பெனி வைத்த பெயர் டைப் 2. ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின் டைப் 1 ஆகவும் இருக்கலாம், டைப் 4 ஆகவும் இருக்கலாம். பெயர் வைத்தவர்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டின் சைலன்சர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பின்னால் உள்ள எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் பெரிய தகரக் கூடும், அதன் முன்னால் பெல்ட்டில் சுழலும் டைனமோவும் தெரிந்தால் அது டைப் 1. பீட்டில் காரில் வந்ததும் இந்த எஞ்சின்தான். கூடு எதுவும் நிமிர்ந்து நிற்காமல், காற்றாடி எஞ்சினின் கடைசியில் தாழ்வாக, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாப்டிலேயே நேரடியாகப் பூட்டியிருந்தால் அது டைப் 4. 1972ஆம் ஆண்டு மாடலிலிருந்து 1700 சி.சி.யாகவும், பின்னர் 1800, 2000 சி.சி.யாகவும் வந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பி வாங்காதீர்கள். இந்த வயதுள்ள வண்டிகளில் எஞ்சின் எத்தனை கை மாறியது என்பது யாருக்கும் தெரியாது. டைப் 1 என்றால் டைனமோ நிற்கும் தாங்கிக்குக் கீழே எஞ்சின் எண் பொறித்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் படம் எடுத்து, பாகம் விற்பவருக்கு அனுப்புங்கள். காற்றால் குளிரும் எஞ்சினோடு பிரேசிலில் 2005 வரை இந்த வேன் தயாரானது. அதனால் டைப் 1 எஞ்சினுக்குப் பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. இனி நான் சொல்வது பெரும்பாலும் அந்த எஞ்சினைப் பற்றித்தான்.

இன்னொரு எச்சரிக்கை: பீட்டில் காருக்கான சைலன்சர் விலை குறைவாக இருக்கும், எஞ்சினிலும் பூட்டிவிடலாம். ஆனால் வேனின் பின்பக்கத் தகட்டிலும் பம்பரிலும் அதன் வால்குழாய் போய் இடிக்கும். 'வேனுக்கு' என்று தெளிவாகக் குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள்.

புகை மட்டுமா போகிறது?

மற்ற வண்டிகளில் புகையை வெளியே தள்ளுவதோடு சைலன்சரின் வேலை முடிந்துவிடும். இந்த எஞ்சினில் அதற்கு மேலும் இரண்டு வேலைகள் உண்டு. புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலாவது ஹீட்டர். தண்ணீரே இல்லாத எஞ்சின் என்பதால், வண்டிக்குள் வெதுவெதுப்பு வேண்டுமென்றால் புகைக்குழாயின் சூட்டைத்தான் கடன் வாங்க வேண்டும். முன்பக்க சிலிண்டர்கள் இரண்டிலிருந்தும் வரும் குழாய்களைச் சுற்றித் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். எஞ்சினின் காற்றாடி அதற்குள் காற்றை ஊதும். சூடேறிய காற்று உள்ளேயும் முன்கண்ணாடிக்கும் போகும். விற்பனையாளர்கள் பலர் இந்த ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு வெறும் வளைகுழாய்களைப் பூட்டச் சொல்வார்கள். எடை குறையும், விலையும் குறையும், 'உங்கள் நாட்டில் ஹீட்டர் எதற்கு?' என்றும் கேட்பார்கள். கோவையில் ஓட்டுபவருக்கு அது நியாயமான கேள்வி. ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் ஜனவரி விடியலில், ஒரு கையால் கண்ணாடி ஆவியைத் துடைத்துக்கொண்டு மறுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

பெட்டிகளைக் கழற்றியே தீருவேன் என்றால், காற்றாடிக் கூட்டிலிருந்து அவற்றுக்குப் போகும் இரண்டு வாய்களையும் மூடியிட்டு அடையுங்கள். அடைக்காவிட்டால் சிலிண்டர்களைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியாக வீணாக வெளியேறும். ஏற்கெனவே மற்றவற்றைவிடச் சூடாக ஓடும் மூன்றாவது சிலிண்டருக்கு அது நல்லதல்ல.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் கீழே, அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்லெட் மேனிபோல்டை ஒட்டியபடி விரல் பருமனில் ஒரு மெல்லிய குழாய் இரு பக்கமும் ஓடிச் சைலன்சரில் பூட்டப்பட்டிருக்கும். சைலன்சரிலிருந்து கொஞ்சம் சூடான புகை இதன் வழியாகச் சுற்றிப் போய் மேனிபோல்டைச் சூடாக வைத்திருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரமும் சேர்ந்துவிட்டால் கார்புரேட்டரின் கழுத்திலேயே பனிக்கட்டி படியும்.

நான் முதலில் வாங்கியது எக்ஸ்ட்ராக்டர் என்ற வகை (அது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன்). அதில் இந்தக் குழாயைப் பூட்டப் பிளேஞ்சே, அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பே, இல்லை. பூட்டிக் கொடுத்த பட்டறையில் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு, 'இது தேவையில்லை சார்' என்றார்கள். வெயில் காலம் முழுக்க எந்தத் தொல்லையும் இல்லை. நவம்பரில் ஒரு நாள், தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டிக் கோத்தகிரிப் பக்கம் இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. வண்டி இருமியது, இழுக்க மறுத்தது, பிறகு நின்றே விட்டது. எஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். மேனிபோல்டின் மேல், குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் படிவதைப்போல, வெள்ளைப் பனி முழங்கை நீளத்துக்குப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், கோடு விழுந்தது. ஒரு சாண் தள்ளி எஞ்சின் தகடு தொட முடியாத சூட்டில் இருக்கிறது, இங்கே பனிக்கட்டி! பத்து நிமிடம் சும்மா நின்றதும் பனி சொட்டுச் சொட்டாக உருகியது; சாவியைத் திருப்பினேன், எதுவுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடியது. பெட்ரோல் பம்பு கோளாறு என்று பம்பையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிப் பனி படிய வெளியே கடுங்குளிர் வேண்டியதில்லை. பத்து டிகிரியும் ஈரக் காற்றும் போதும். நம் மலையில் பாதி ஆண்டு அப்படித்தான். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மேனிபோல்டைச் சூடேற்றும் குழாய்க்கு இரு பக்கமும் பிளேஞ்சு உண்டா? சிலவற்றில் பிளேஞ்சு இருக்கும், உள்ளே ஓட்டை இருக்காது. அதையும் படத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய மேனிபோல்டில் அந்த மெல்லிய குழாய் கரியால் அடைபட்டிருந்தால் சைலன்சர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஒரு முனையில் காற்று ஊதினால் மறுமுனையில் வர வேண்டும்.

குழாயின் பருமன்

கடல் மட்டத்தில் 50 குதிரைத் திறன் கொடுக்கும் எஞ்சின், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 40ஐ எட்டுவதே அரிது. காற்று அவ்வளவு மெலிந்திருக்கிறது. இழந்ததைச் சைலன்சரால் மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நல்ல எக்ஸ்ட்ராக்டர் சில குதிரைத் திறன் கூட்டும், அவ்வளவுதான்.

எக்ஸ்ட்ராக்டர் என்பது நான்கு சிலிண்டர்களின் குழாய்களையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் கொண்டுவந்து ஓரிடத்தில் கூட்டுவது. ஒரு சிலிண்டரின் புகை விரைந்து வெளியேறும்போது அடுத்ததன் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். இது நடக்க வேண்டுமென்றால் குழாயில் புகை வேகமாக ஓட வேண்டும். 1600 சி.சி. எஞ்சினுக்கு 35 மி.மீ. குழாய் சரியாக இருக்கும். 38 மி.மீ., அதற்கு மேற்பட்டவை எல்லாம் பெரிதாக்கிய எஞ்சின்களுக்கானவை. பெரிய குழாயில் புகை சோம்பலாக நகரும். அதிக சுற்றில் நன்றாக ஓடும், குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். நமக்கு வேண்டியது அந்தக் குறைந்த சுற்று இழுவைதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசு பஸ் இறங்கிவர, நாம் ஒதுங்கி நின்றுவிட்டு இரண்டாம் கியரில் மறுபடி கிளம்பும் அந்தக் கணத்துக்காகத்தான் குழாயைத் தேர்ந்தெடுக்கிறோம். என் இரண்டாவது தவறு இந்தப் பெரிய குழாய். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறுக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது.

'எதிரழுத்தம் (புகை வெளியேறுவதற்கு எதிரான தடை) இல்லாவிட்டால் இந்த எஞ்சின் ஓடாது' என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. அவர்கள் கண்டது உண்மை, சொல்லும் காரணம்தான் பிசகு. அடைப்பு இருப்பதால் எந்த எஞ்சினும் நன்றாக ஓடுவதில்லை. குழாய் பெரிதாகிப் புகையின் வேகம் குறைந்ததையும், கலவையில் பெட்ரோல் குறைந்துபோனதையும்தான் அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

துரு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பக் கடினமாக இருந்தால் குளிர் காலையில் வால்குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், சொட்டும். நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். குன்னூருக்குள்ளேயே பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை போய்த் திரும்பும் வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தேங்கிவிடும். மலை வண்டிகளின் சைலன்சர் உள்ளிருந்து அரிக்கப்படுவது இதனால்தான்.

வெறும் இரும்புக் குழாய்க்குக் கறுப்புச் சாயம் பூசி விற்பது மலிவு; ஒரு மழைக்காலத்தில் சாயம் உரியும், சில ஆண்டுகளில் ஓட்டை விழும். செராமிக் பூச்சு உள்ளது நடுத்தரம். என் தேர்வு துருப்பிடிக்காத எஃகு. ஆனால் சாதாரண இரும்பைவிட அது சூட்டில் கூடுதலாக விரியும். எல்லா மூட்டுகளையும் இறுக வெல்டிங் செய்த ஒற்றைத் துண்டாக இருந்தால் ஏதாவது ஓரிடத்தில் விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகர இடம் கொடுக்கும் இணைப்புகள் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

குழாய்க்குத் துணிபோன்ற வெப்ப நாடாவைச் சுற்றுவது சமவெளியில் ஒரு மோகம். மூடுபனியில் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயை அரித்துவிடும். வேண்டாம்.

கோவையில் செய்து வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சைலன்சர் டப்பாவையும் வால்குழாயையும் தாராளமாகச் செய்து வாங்கலாம். நல்ல கைகள் அங்கே உண்டு. எஞ்சினோடு பூட்டும் நான்கு குழாய்ப் பகுதியை மட்டும் தயார்நிலையில் வாங்குங்கள். பிளேஞ்சு ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் மூட்டு ஒழுகும்.

தரையிலிருந்து உயரம், காதில் விழும் உயரம்

எக்ஸ்ட்ராக்டர்கள் சில எஞ்சினுக்குக் கீழே ஒரு சாண் தொங்கும். தேயிலைத் தோட்டச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் முன்சக்கரம் மேடேறும்போது வண்டியின் பின்பகுதி தாழும், குழாய் தரையில் உராயும். இதை வாங்கும் முன்பே சோதிக்கலாம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, வீட்டாரை ஏற்றி உட்காரவைத்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் விளிம்புக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். விற்பவர் தரும் அளவுகளை வைத்துப் பார்க்கும்போது குழாயின் எந்தப் பகுதி கயிற்றுக்குக் கீழே வருகிறதோ, அது என்றாவது ஒரு நாள் உராயும்.

சத்தத்தைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. எஞ்சின் பின்னால் இருக்கும் தகரப் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருபவர்கள் நாம். கடையில் கேட்கும்போது இனிக்கும் உறுமல், மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டுவதற்குள் தலைவலியாகிவிடும். வளைவுகளில் பாறைச் சுவர் அதை இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்பும். முதுமலைப் பக்கம் ஓரமாக யானை நிற்கும்போது உறுமிக்கொண்டு போவது வீரமல்ல. சட்டமும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை: சைலன்சர் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் இழக்க நேரும். உள்ளே தடுப்புத் தகடுகள் கொண்ட பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி இழை அடைத்த சிறு குழாய் வகையில் இழை எரிந்து பறந்ததும் வெறும் ஊதுகுழல்தான் மிஞ்சும்.

கழற்றுவதும் பூட்டுவதும்

இதற்கு அவசரப்படாதீர்கள். சிலிண்டர் தலை அலுமினியம். அதில் நிற்கும் எஃகு ஸ்டட்கள் (நட்டு மாட்டும் தலையில்லாத திருகாணிகள்) பல ஆண்டுத் துருவில் ஒட்டிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு நீக்கும் எண்ணெயை விடுங்கள். கழற்றும்போது முதலில் இம்மி அளவு இறுக்கி, ஒட்டு விட்ட பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால் நட்டைச் சூடேற்றுங்கள். பெட்ரோல் குழாய்களைக் கழற்றித் தள்ளி வைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஸ்டட் ஒடிந்துவிட்டால் வீட்டில் துளைபோட முயலாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பழையது வெளியே வந்ததும் உடனே புதியதைப் பூட்டத் தோன்றும். ஒரு நாள் பொறுத்து, வால்வை இயக்கும் கம்பிகள் ஓடும் புஷ்ராடு குழாய்களின் முனையில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணெய் ஹீட்டர் பெட்டியின் மேல் சொட்டித்தான் வண்டிக்குள் தோசைக்கல் தீய்ந்த வாடை வருகிறது. சீல்களை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பூட்டும்போது மூட்டுகளின் இடையே வைக்கும் கேஸ்கெட்டுகள் அனைத்தும் புதியவையாக இருக்கட்டும். நட்டுகள் செம்பு பூசியவையாக இருந்தால் அடுத்த முறை கழற்றுவது எளிது. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்த பிறகு சிலிண்டர் தலைப் பிளேஞ்சுகளை இறுக்குங்கள், பிறகு சூடேற்றும் குழாயை, கடைசியில் கிளாம்ப்புகளை. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைத் திரும்ப மாட்டும்போது குழாய் நுழையும் இடங்களில் இடைவெளி விடாதீர்கள். கீழேயுள்ள சூடான காற்று மேலேறி வந்தால் காற்றாடி அதையே திரும்ப ஊதும்.

ஒழுகல் சோதனைக்குச் சோப்பு நுரை போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, ஒருவர் வால்குழாயைத் தடித்த துணியால் பாதி மறைக்க, மற்றவர் மூட்டுகளில் நுரையைத் தடவட்டும். குமிழி வரும் இடத்தில் ஒழுகல். இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடித்தாலும் எங்கோ மூட்டில் காற்று புகுகிறது என்று பொருள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளில் அது நன்றாகவே கேட்கும்.

ஒழுகலை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஹீட்டர் பெட்டிக்குள் குழாய் விரிசல் விட்டால், உள்ளே வரும் வெதுவெதுப்போடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வேனுக்குள் படுத்துறங்குபவர்கள் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்காயவே கூடாது. பின்கதவைத் திறந்தபடி ஓட்டவும் கூடாது. புகை உள்ளே இழுக்கப்படும். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் மாட்டிவிடுங்கள்.

ஜெட்டைக் கல்லாறுக்கு வையுங்கள்

எக்ஸ்ட்ராக்டர் பூட்டினால் கலவையில் பெட்ரோல் சற்றுக் குறையும். உயரம் கூடினால் காற்று மெலிந்து, பெட்ரோல் மிகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் குன்னூரிலோ ஊட்டியிலோ எஞ்சின் அருமையாக ஓடுவதாகத் தோன்றும். 'ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றத் தேவையில்லை' என்று விட்டுவிடுவோம். பிறகு சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, மதிய வெயிலில், முழுச் சுமையோடு ஏறத் தொடங்குவோம். அடர்ந்த காற்று, குறைந்த பெட்ரோல், கடும் ஏற்றம் மூன்றும் சேரும் இடம் கல்லாறிலிருந்து பர்லியாறு வரை. வால்வு எரிவது அங்கேதான். மேலே கொஞ்சம் கறுப்பாகப் புகைத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், கீழே வறண்டு ஓடக் கூடாது.

அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, அந்த ஏற்றத்தில் ஏறி, ஒதுங்க இடமுள்ள தேநீர்க் கடையோரம் நிறுத்துங்கள். ஒரு டீ குடித்து எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னொரு படி. வெளிர் பழுப்பு என்றால் சரி. நல்ல கறுப்பு என்றால் ஒரு படி குறையுங்கள். புகைச் சான்றிதழ் எடுப்பதை இதெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் பயணத்துக்கு மறுநாள் காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, எல்லா நட்டுகளையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். புதிய கேஸ்கெட் சூட்டில் அமுங்கியிருக்கும். எனக்கு மூன்றாவது சிலிண்டர் பிளேஞ்சில் கால் சுற்று இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கு அடுத்த வாரம் அசையவில்லை.